பாரம் ஏற்றினால் எத்தனை மைல்? மின்சாரப் பிக்கப் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மின்சாரப் பிக்கப் தயாரிக்கும் நிறுவனங்களின் தலைவர்களுக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

சில வாரங்களுக்கு முன் உங்களில் ஒரு நிறுவனத்துக்கு ஒரு கேள்வி எழுதி அனுப்பினேன். நீங்கள் புதிதாக அறிமுகப்படுத்தியிருக்கும் பிக்கப்பில் 7,000 பவுண்டு டிரெய்லரை மாட்டி, நெடுஞ்சாலையில் மணிக்கு 65 மைல் வேகத்தில் போனால், ஒரு முழு சார்ஜுக்கு எத்தனை மைல் வரும்? இவ்வளவுதான் கேள்வி. பதில் வந்தது. எழுதியதற்கு நன்றி சொல்லியிருந்தார்கள். ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜுக்கு ஓடும் தூரம், வேகம், வானிலை, ஓட்டும் விதம் எனப் பலவற்றைப் பொறுத்தது என்று விளக்கியிருந்தார்கள். கடைசியில் அறிமுக விழாவின் காணொளிக்கு ஒரு இணைப்பும் கொடுத்திருந்தார்கள். நான் கேட்ட எண் மட்டும் அதில் இல்லை.

காணொளியை முழுதாகப் பார்த்தேன். பிக்கப் என்ற வண்டியையே அடியோடு மாற்றிவிட்டோம் என்று மேடையில் சொல்கிறார்கள். எத்தனை நொடியில் 60 மைல் வேகத்தைத் தொடும் என்று பெரிய எழுத்தில் காட்டுகிறார்கள். படகு ஒன்றை இழுத்துக்கொண்டு மலைப்பாதையில் போகிற காட்சியும் வருகிறது. அந்தப் படகோடு எவ்வளவு தூரம் போக முடிந்தது என்பதை யாரும் சொல்லவில்லை. அதனால்தான் அந்த ஒரு நிறுவனத்துக்கு மறுபடி எழுதாமல், உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

வீடுகளில் பழுதுவேலையும் தச்சுவேலையும் செய்கிறவன் நான். வேலைக்குப் போவது மின்சாரப் பிக்கப்பில்தான். யாருடைய வண்டி என்று இங்கே சொல்லப்போவதில்லை, ஏனென்றால் குறை எல்லோரிடமும் ஒன்றுதான். மின்சார வண்டியே கூடாது என்று சொல்கிற ஆளும் நான் இல்லை. இந்த வண்டிகளில் உண்மையான புதுமை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வண்டியின் பின்பக்கம் இருக்கிற பிளக்கில் மேஜை ரம்பத்தை மாட்டி நாள் முழுக்க மரம் அறுக்கலாம். ஜெனரேட்டர் இரைச்சல் இல்லை, புகை இல்லை, அடுத்த வீட்டுக்காரரின் குழந்தை தூங்கினாலும் வேலை நிற்காது. ஃபோர்டின் எஃப்-150 லைட்னிங்கில் இப்படி 9.6 கிலோவாட் வரை எடுக்கலாம், தேவையான கருவியைப் பொருத்திவிட்டால் மின்வெட்டில் ஒரு வீட்டையே நடத்தலாம். இதைக் கண்டுபிடித்தவர்களுக்கு மனதார நன்றி சொல்வேன். தொழில் செய்கிறவனின் ஒரு நாளை உட்கார்ந்து யோசித்துப் பார்த்த ஒருவர்தான் இதைச் செய்திருக்க முடியும்.

அதே நாளை இன்னும் கொஞ்ச நேரம் யோசித்துப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

சரக்கும் கருவிகளும் நிறைந்த டிரெய்லரை மாட்டி நெடுஞ்சாலையில் ஏறினால் ரேஞ்ச் ஏறக்குறைய பாதியாகிவிடும். உயரமான பெட்டி டிரெய்லர் என்றால் அதற்கும் கீழே போகும். காரணம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எடையைவிடக் காற்றுதான் பெரிய எதிரி. வேகம் இரட்டிப்பானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. லைட்னிங்கின் பெரிய பேட்டரியில் 131 கிலோவாட் மணி மின்சாரம் இருக்கிறது. ஒரு கேலன் பெட்ரோலில் இருக்கும் ஆற்றல் சுமார் 33.7 கிலோவாட் மணி. அதாவது அவ்வளவு பெரிய பேட்டரியும் நான்கு கேலன் பெட்ரோலுக்குச் சற்றுக் குறைவுதான். மின் மோட்டார் ஆற்றலை அதிகம் வீணாக்காததால்தான் காலி வண்டி அதை வைத்துக்கொண்டே 320 மைல் ஓடுகிறது. டிரெய்லர் மாட்டியதும் அந்தச் சிறிய கையிருப்பு கண்ணெதிரே கரைகிறது. பெட்ரோல் வண்டிக்கும் டிரெய்லரோடு மைலேஜ் குறையத்தான் செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதன் டேங்க் பெரியது. ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிட்டுக் கிளம்பலாம், டிரெய்லரைக் கழற்றவும் வேண்டாம்.

இந்தக் கழற்றுவதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் அறிமுக விழா எதிலும் இதைக் காட்டியதாக எனக்கு நினைவில்லை.

பெரும்பாலான சார்ஜிங் நிலையங்கள் கார் நிறுத்துமிடத்தைப் போலவே கட்டப்பட்டிருக்கின்றன. முன்பக்கமாகவோ ரிவர்ஸிலோ உள்ளே போய் நிறுத்த வேண்டும், கேபிளும் குட்டையானது. பின்னால் டிரெய்லர் இருந்தால் வண்டி அதற்குள் நுழையாது. அதனால் முதலில் டிரெய்லரை விட ஒரு சமதளமான இடம் தேட வேண்டும். பிறகு அதன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். விளக்குக்கும் பிரேக்குக்கும் போகிற மின் பிளக்கைப் பிடுங்க வேண்டும், அவசர பிரேக் கம்பியைக் கழற்ற வேண்டும், இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகளையும் அவிழ்க்க வேண்டும். அப்புறம் ஜாக்கியின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி டிரெய்லரின் முன்பகுதியைக் கொக்கியின் உருண்டையிலிருந்து தூக்க வேண்டும். மழையில் இதைச் செய்து பாருங்கள். கைப்பிடி வழுக்கும், சங்கிலியில் இருக்கிற கிரீஸும் சேறும் முழங்கை வரை ஏறும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் வண்டியை சார்ஜரில் மாட்ட முடியும். எனக்குச் சம்பாதித்துத் தருகிற கருவிகள் அத்தனையும் இருக்கிற டிரெய்லர் எங்கோ ஒரு மூலையில் தனியாக நிற்கும். சார்ஜ் ஏறும் வரை அதையேதான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சார்ஜ் ஏறியதும் எல்லாவற்றையும் தலைகீழ் வரிசையில் மறுபடி செய்ய வேண்டும். கொக்கியின் உருண்டை டிரெய்லரின் வாய்க்கு நேர் கீழே வரும்படி, அங்குலம் அங்குலமாகப் பின்னால் வர வேண்டும்.

இதைத் தவிர்க்க ஒரே வழி, டிரெய்லரோடு குறுக்கே நிறுத்தி மூன்று நான்கு சார்ஜர்களை அடைத்துக்கொள்வது. ஒரு முறை அப்படி நிறுத்தியிருந்தபோது, பின்சீட்டில் குழந்தையோடு வந்த ஒரு பெண் கண்ணாடியை இறக்கி, “உங்களுக்கு மட்டும்தான் அவசரமா?” என்று கேட்டார். அவருடைய பேட்டரியும் தீரும் நிலையில் இருந்தது. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் இருவரையும் அந்த இடத்தில் முட்டிக்கொள்ள விட்டவர்கள்மேல்தான் வந்தது.

சார்ஜிங் நிலையம் எங்கள் பொறுப்பு இல்லை என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். டெஸ்லாவுக்கும் ரிவியனுக்கும் சொந்த நிலையங்கள் இருக்கின்றன. ஜெனரல் மோட்டார்ஸ், ஸ்டெல்லாண்டிஸ் உட்பட ஏழு நிறுவனங்கள் 2023இல் கைகோத்து, இதற்கென்றே ஒரு கூட்டு நிறுவனத்தை அறிவித்தன. டிரெய்லரோடு நேராக உள்ளே வந்து நேராக வெளியே போகும்படி அமைத்த இடங்கள் சில இருக்கத்தான் செய்கின்றன. அப்படிக் கட்ட முடியும் என்பதற்கு அவையே சாட்சி. ஆனால் வேலை நாளில் என் வழியில் அப்படி ஒன்று வருவது அபூர்வம்.

ஆகவே மறுபடியும் கேட்கிறேன். பாரத்தோடு உங்கள் வண்டி எத்தனை மைல் ஓடும் என்பதை எழுதிக் கொடுங்கள். இப்போது விலைச்சீட்டில் ஒட்டுகிற அரசு ரேஞ்ச் எண் டிரெய்லர் இல்லாத வண்டிக்கானது. காருக்கு அது போதும். 10,000 பவுண்டு இழுக்கும் என்று பக்கத்திலேயே விளம்பரம் செய்கிற வண்டிக்குப் போதாது. இழுக்கும் என்ற எண்ணும் உண்மை, ஓடும் என்ற எண்ணும் உண்மை. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது என்பதை மட்டும் வாங்குகிறவரிடம் யாரும் சொல்வதில்லை.

உங்கள் பொறியாளர்களின் உழைப்பைக் குறைத்துப் பேசவில்லை. சைபர்டிரக் என்ற தன் பிக்கப்பில், விளக்கு, கண்ணாடி போன்றவற்றுக்குப் போகிற மின்சாரத்தை டெஸ்லா 12 வோல்ட்டிலிருந்து 48 வோல்ட்டுக்கு மாற்றியது நல்ல வேலை. அதே திறனுக்கு மின்னோட்டம் கால்வாசியாகிறது, வயர் மெலிகிறது, செம்பு மிச்சமாகிறது. பல ஆண்டுகளாகப் பேசிப் பேசித் தள்ளிப்போட்ட விஷயத்தை அவர்கள் செய்து காட்டினார்கள். அதை ஒப்புக்கொள்கிற அதே வாயால் மற்றதையும் சொல்ல வேண்டும்: புதுமை என்று இப்போது காட்டுகிறவற்றில் பல பழையவை. வயர் வழியே திருப்புகிற ஸ்டியரிங், அவசரத்துக்கு மட்டும் ஒரு இரும்புத் தண்டோடு, 2013லேயே இன்ஃபினிட்டி காரில் வந்துவிட்டது. பின்சக்கரமும் திரும்புகிற பிக்கப்பை ஜெனரல் மோட்டார்ஸ் 2002லேயே விற்றது. ஓட்டுநர் அறைக்கும் சரக்கு இடத்துக்கும் நடுவே திறக்கிற கதவு செவ்ரோலெட் அவலாஞ்சில் இருந்தது. துருப்பிடிக்காத எஃகு உடம்பை 1981லேயே டெலோரியன் காட்டியாயிற்று. மின்சாரப் பிக்கப்பும் புதிதில்லை. 1990களின் கடைசியில் ஃபோர்டு ரேஞ்சரும் செவ்ரோலெட் எஸ்-10னும் மின்சாரத்தில் ஓடின. சிகாகோவில் வாக்கர் நிறுவனம் 1907 தொடங்கிப் பல பத்தாண்டுகள் மின்சார டிரக் செய்து விற்றது. பழையதை நன்றாகச் செய்வதில் ஒரு தவறும் இல்லை. பழையதை எல்லாம் கூட்டி வைத்து இதுவரை யாரும் கண்டிராதது என்று மேடையில் முழங்கும்போதுதான், தீராமல் கிடக்கிற ஒரே பிரச்சினையை ஏன் தொடவில்லை என்ற கேள்வி எழுகிறது.

சொன்ன சொல்லும் நிற்பதில்லை. 2019 நவம்பரில் சைபர்டிரக்கை அறிமுகம் செய்தபோது ஆரம்ப விலை 39,900 டாலர், மேல்ரக வண்டிக்கு 500 மைலுக்கும் அதிகம் என்றார்கள். 2023 நவம்பரில் கைக்கு வந்த வண்டிகளில் அதிக தூரம் ஓடியது 340 மைல். குறையை ஈடுகட்டக் கூடுதல் பேட்டரி தருகிறோம் என்றார்கள். அதுவும் சரக்கு வைக்கிற இடத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பிடிக்குமாம். 2025இல் அதையும் கைவிட்டுவிட்டார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

சரக்கு இடம் என்றதும் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. தச்சுவேலையில் பிளைவுட் பலகையின் அளவு 4 அடிக்கு 8 அடி. லைட்னிங்கின் சரக்கு இடம் ஐந்தரை அடி, ரிவியனுடையது நாலரை. பின்கதவை மூடிக்கொண்டு ஒரு பலகையைப் படுக்க வைக்க முடியாத வண்டியைத் தொழிலுக்கானது என்று விற்கிறீர்கள். ஓட்டுநர் அறையோ வருடத்துக்கு வருடம் விரிகிறது, திரை பெரிதாகிறது. பனியில் கையுறை போட்ட விரலால் அந்தத் திரையில் சூடு ஏற்றிப் பார்த்தவர் உங்கள் கூட்டத்தில் யாராவது இருக்கிறார்களா? திருகுகிற ஒரு பித்தானை வைத்தால் என்ன குறைந்துவிடும்? இந்த விஷயத்தில் 2025 ஏப்ரலில் ஸ்லேட் நிறுவனம் காட்டிய சின்ன வண்டி எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு சீட்டு, கையால் சுற்றி இறக்குகிற கண்ணாடி, நடுவில் பெரிய திரையே கிடையாது, வேண்டாததை எடுத்துவிட்டு விலையைக் குறைக்கப் பார்க்கிறார்கள். ஆனால் அதன் இழுவைத் திறன் 1,000 பவுண்டுதான். என் டிரெய்லருக்கு அது ஆகாது.

இதற்கிடையில் உங்களில் சிலர் பின்வாங்கிவிட்டீர்கள். 2025 செப்டம்பரில் ஸ்டெல்லாண்டிஸின் ராம் நிறுவனம் தன் முழு மின்சாரப் பிக்கப்பைக் கைவிட்டது. டிசம்பரில் ஃபோர்டு லைட்னிங்கின் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்து, அடுத்ததைப் பெட்ரோல் ஜெனரேட்டரோடு கொண்டுவரப்போவதாகச் சொன்னது. வழியிலேயே மின்சாரம் தயாரிக்க ஒரு எஞ்சினைச் சுமந்து போக வேண்டியிருக்கிறது என்றால், பாரம் இழுக்கும்போது ரேஞ்ச் போதவில்லை என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். ஒப்புக்கொண்டதை ஒரு எண்ணாக எழுத இன்னும் ஏன் தயக்கம்?

முடியாது என்று சொல்ல வழியில்லை. ஒரு காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டப்படி இழுவைத் திறனை அறிவித்துக்கொண்டிருந்தது. பிறகு வாகனப் பொறியாளர்கள் சங்கமான எஸ்ஏஇ வழியாக ஜே2807 என்ற பொது விதியை உங்கள் துறையே எழுதி, உங்கள் துறையே ஏற்றுக்கொண்டது. அரிசோனாவில் டேவிஸ் அணை அருகே உள்ள ஏற்றத்தில், கொளுத்தும் வெயில் கணக்கில் ஏசியை முழுதாக ஓட விட்டு, முழுப் பாரத்தோடு 11 மைலுக்கு மேல் ஏறிக் காட்ட வேண்டும் என்ற அளவுக்கு அதில் நுணுக்கம் இருக்கிறது. ஏறுமா என்று அளக்கத் தெரிந்தவர்களுக்கு எவ்வளவு தூரம் ஓடும் என்று அளக்கவும் தெரியும்.

என் வேண்டுகோள் இதுதான். ஒரே அளவு பெட்டி டிரெய்லர், ஒரே எடை, ஒரே வேகம் என்று உங்களுக்குள் முடிவு செய்யுங்கள். கோடையில் ஒரு எண், கடுங்குளிரில் ஒரு எண். காலி வண்டியின் ரேஞ்சைப் போடுகிற அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் அவற்றையும் போடுங்கள். எண் சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. 140 மைல்தான் என்று நேர்மையாகச் சொன்னால், அதற்குத் தகுந்த வேலையை ஒப்புக்கொள்வேன், எங்கே நிறுத்துவது என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்வேன். அதோடு, புதிதாகக் கட்டுகிற ஒவ்வொரு சார்ஜிங் நிலையத்திலும் டிரெய்லரோடு நேராக வந்துபோக ஒரு இடமாவது விடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த வண்டியை மேடையேற்றும்போது முதலில் அந்த எண்ணைச் சொல்லுங்கள். இந்த மடலுக்குப் பதில் எழுதுவதாக இருந்தால், இணைப்பு எதுவும் வேண்டாம், எண்ணை மட்டும் எழுதுங்கள்.

நன்றியுடன்,
உங்கள் வண்டியில் வேலைக்குப் போகும் ஒரு தச்சன்