நேரு படத்தைத் திரும்ப மாட்டிவிட்டேன், அக்கா

அக்கா,

அப்பாவின் முதல் வருஷ திதி முடிந்தது. நீ வரவில்லை. காரணம் நம் இருவருக்கும் தெரியும், நாலு பேர் படிக்கிற இடத்தில் அதை எழுத மாட்டேன். வியாசர்பாடி வீட்டுக் கூடத்தில் நேரு படத்தைத் திரும்ப மாட்டிவிட்டேன். உன் மனசு கஷ்டப்பட்டால் மன்னித்துக்கொள். கழற்ற மாட்டேன்.

உன் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி, "பர்மாவுல அம்மா தாலியைக் கழட்டி வாங்கினப்ப இவங்க டெல்லி என்ன பண்ணுச்சு?" என்று கேட்டாய். அப்பா ஸ்டூலில் ஏறிப் படத்தை ஆணியோடு பிடுங்கினார். சுண்ணாம்பு உதிர்ந்து கண்ணில் விழுந்தது, துடைக்கவில்லை. அடுப்படியில் பர்மா பலகாரமான பேஜோ பொரித்துக்கொண்டிருந்த அம்மாவின் காதையே பார்த்தார். தோடு இருக்க வேண்டிய ஓட்டையில் வேப்பங்குச்சி.

1964 மார்ச்சில் கடைகளை அரசுடைமையாக்கியதும், மே மாதம் 50, 100 கியாத் நோட்டுகளைச் செல்லாது என்றதும் பர்மாவின் நே வின் ராணுவ அரசு. அதே மே 27இல் நேரு போய்ச் சேர்ந்துவிட்டார். 1949இல் கரேன் இனத்தாரின் கிளர்ச்சி ரங்கூன் வாசலுக்கே வந்தபோது பர்மா பிரதமர் ஊ நுவுக்கு ஆயுதம் கொடுத்த நாடு இது. 1951இல் நட்புறவு ஒப்பந்தமும் போட்டது. வெள்ளைக்காரனிடமிருந்து இப்போதுதான் விடுபட்ட சின்ன நாட்டை, அதே மாதிரி விடுபட்ட பெரிய நாடு எப்படி மிரட்டும்? போன நாட்டில் குடியுரிமை வாங்கி அந்த நாட்டுக்காரனாக இரு, இல்லையென்றால் வெளிநாட்டுக்காரனுக்கு உள்ள உரிமைதான் என்றார் நேரு. அது சரியான கொள்கை என்று நான் மனசார நம்புகிறேன்.

ஆனால் ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவருக்கு அந்தக் குடியுரிமை மனுவை யார் எழுதிக் கொடுத்தது? இங்கே நீ ஜெயித்துவிடுகிறாய்.

சரி, நம்மவர்களை அழைத்துவரக் கப்பல் அனுப்பினார்களே, அக்கா! அதில் வந்தவள் நீ, இங்கே பிறந்தவன் நான், அதனால் எனக்குப் பேச வாயில்லை என்றே இத்தனை வருஷம் அடக்கினாய். கடைசிக் காலத்தில் அப்பாவை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவன் எந்தக் கப்பலில் வந்தான்? அன்றைக்குக்கூட அவர் கேட்டது உன்னைத்தான்.

வீட்டு வரியில் பெயர் மாற்ற உன் கையெழுத்து வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. பர்மா நூடுல்ஸ் அத்தோ வாங்கி வைக்கிறேன், சாப்பிட்டுவிட்டுச் சண்டை போடலாம்.