இரண்டு மணி பஸ்

அன்புள்ள மகனுக்கு,

கட்டாரில் ஒப்பந்தம் முடிந்து வந்ததும், தோட்டக்காரர்களையும் வாங்குபவர்களையும் போனிலேயே சேர்த்துவைக்கும் செயலி ஒன்று செய்யப்போவதாக எழுதியிருந்தாய். அம்மாவுக்குப் பெரிய சந்தோசம். நான் வாயைத் திறக்காமல் நான்கு நாள் மட்டக்களப்புச் சந்தையில் போய் நின்றேன்.

மட்டக்களப்பு வாவியோரம் மண்முனைத் துறையடியில் நான் தேநீர்க்கடை வைத்திருந்தது உனக்கு நினைவிருக்கும். என் தேநீர் அப்படியொன்றும் ருசியில்லை. பாதை என்று நாம் சொல்லும் மிதவைப் படகு அக்கரைக்குப் போய்த் திரும்பும்வரை சனம் நிற்க வேண்டியிருந்தது, குடித்தது. 2014இல் பாலம் திறந்தார்கள்; கொஞ்ச நாளில் அடுப்பை அணைத்தேன். பாலத்தின்மேல் எனக்குக் கோபமில்லை. பிள்ளைத்தாய்ச்சிகளை இரவில் பாதையில் ஏற்றி அக்கரைப்படுத்திய பாட்டை நானும் பார்த்தவன். ஆனால் அன்றிலிருந்து, சனம் எங்கே காத்து நிற்கிறது என்றுதான் என் கண் போகிறது.

சந்தை வாசலில் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து அக்கா ஒருவர் இருக்கிறார். வல்லாரை, பொன்னாங்காணி, வாயில் கடதாசி கட்டிய இரண்டு சட்டி எருமைத் தயிர். கீரைக்கு மேல் ஈரச்சாக்கு. பன்னிரண்டு மணிக்குச் சாக்கும் காய்ந்துவிடுகிறது. போத்தலில் மிச்சமிருக்கும் குடிதண்ணீரைத் தெளிக்கிறார். இரண்டு மணி பஸ்ஸைத் தவறவிட்டால் வீட்டில் மாடு கத்தும். வியாபாரிக்கு இது தெரியும். எதிரே வெற்றிலை போட்டுக்கொண்டு இருப்பான். ஒன்றரைக்குத்தான் எழும்பி வருவான். காலையில் நூறு ரூபாய் சொன்ன கட்டு நாற்பதுக்குப் போகிறது. நாலேகாலுக்கு அரச அலுவலகமான கச்சேரி விட்டு வருகிறவர்கள் அதையே, வாடிய பிறகு, அவனிடம் நூற்றிருபதுக்கு வாங்குகிறார்கள்.

அக்காவுக்கும் கச்சேரிக்காரருக்கும் ஒருவரையொருவர் தெரியாமலில்லை, மகன். தெரியாவிட்டால் உன் செயலி உதவும். இங்கே நேரம்தான் ஒட்டவில்லை. அந்த இரண்டேகால் மணித்தியாலத்தை அவன் தின்கிறான்.

நான் யோசிப்பது இதுதான்: ஓடு போட்ட அறை ஒன்று, கீரைக்கு ஈரமணல் தட்டு, தயிருக்கு ஒரு குளிர்பெட்டி, மாலையில் நின்று விற்க நான். பத்து ரூபாய்க்கு ஒரு ரூபாய் கூலி. அக்கா மறுநாள் காலையில் வரும்போது காசு கையில் இருக்க வேண்டும்; ஒரு நாள் பிந்தினாலும் திரும்ப அவனிடம்தான் போவார். முதலில் மூன்று பேரின் சாமான் போதும். முப்பது பேர் என்று தொடங்கினால் முதல் மழைக்கே கணக்குக் குழம்பிவிடும்.

வெள்ளிக்கிழமை இதை அந்த அக்காவிடம் சொன்னேன். சாக்கை மடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, “விற்காமல் போனால் அந்த நட்டம் யாருக்கு, அண்ணன்?” என்று கேட்டார். எனக்குச் சட்டென்று ஒன்றும் வரவில்லை. பஸ்ஸும் வந்துவிட்டது.

அறைக்காரர் மூன்று மாத முற்பணம் கேட்கிறார், மாதக் கடைசிவரை பொறுப்பாராம். அதற்குள் அந்த அக்காவுக்கு நான் என்ன சொல்ல வேண்டும் என்று எழுது.

அன்புடன்,
அப்பா