ஒரே பிழையை எத்தனை முறை சுழிப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆய்வேடுகளில் மலிந்துவிட்ட ஒற்றுப் பிழைகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, மாணவர்களைக் கடிந்துகொள்வதோடு நின்றுவிட்டது. பிழையை நாம் சுட்டிக்காட்டும் முறையும் மாற வேண்டும் என்பது, மதுரையில் பல ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்திவரும் என் கருத்து.

நெறியாளர் பார்த்துக் கொடுத்த ஆய்வேடுகள் என்னிடம் வரும். 'முயற்ச்சி' என்று வருகிற இடமெல்லாம் சிவப்பு மையால் சுழித்திருப்பார். பாதிக்கு மேல் கை ஓய்ந்துவிடும். மாணவரும் சுழித்தவற்றை மட்டும் திருத்துவார். பின்பாதியில் அதே பிழை அப்படியே கிடக்கும். ஏன் தவறு என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முதல் இடத்தில் மட்டும் சுழித்து '1' என்று எண்ணிட்டு, தனித்தாளில் காரணத்தை எழுதிவிடலாம்: ற், ட் என்னும் ஒற்றுகளை அடுத்து இன்னொரு வல்லொற்று (க், ச், ப் போன்றது) வராது. அதற்க்கு, கற்ப்பனை, கேட்க்க, நட்ப்பு எல்லாமே இந்த ஒரு விதிக்குள் அடங்கும். 'வளர்ச்சி', 'மகிழ்ச்சி' சரியாக இருப்பதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் 'பயிற்ச்சி' என்று எழுதுகிறார்கள். அதையும் ஒரு வரி சொல்லிவிட வேண்டும். பிறகு வரும் இடங்களுக்கு ஓரத்தில் '1' போதும்.

கணினிக் கோப்பாக இருந்தால் வேலை இன்னும் எளிது. வேர்டில் ற்க், ற்ச், ற்ப், ட்க், ட்ச், ட்ப் என்று ஒவ்வொன்றாகத் தேடச் சொல்லுங்கள். 'மேட்ச்', 'ஸ்விட்ச்' போன்ற பிறமொழிச் சொற்களைத் தள்ளிவிட்டால், சிக்குவதெல்லாம் பிழைதான். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை மட்டும் முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாக மாற்றிவிடக் கூடாது. ஒற்று விடுபட்ட இடங்களில் 'அந்த க' என்பதை 'அந்தக் க' ஆக்குவதில் தவறில்லை. அவசரத்தில் 'ந்த க' என்று கொடுத்துவிட்டால், 'வந்த கடிதம்' 'வந்தக் கடிதம்' ஆகிவிடும். 'வந்த' போன்ற பெயரெச்சத்தின் பின் வல்லினம் மிகாது என்பது கணினிக்குத் தெரியாது. சிக்கிய இடங்களுக்கு முதலில் வண்ணம் பூசி, ஒவ்வொன்றாகப் பார்த்தே திருத்த வேண்டும்.

தங்கள் மாணவர் இணைப்பில் வாரம் ஒரு பிழையை எடுத்து, அதற்கான விதியையும், எதைத் தேடினால் அது அகப்படும் என்பதையும் சிறு கட்டமாக வெளியிட வேண்டுகிறேன். 'ஒரு', 'ஓர்' மயக்கத்திலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
மெய்ப்புத் திருத்தும் வாசகி,
மதுரை.