வெள்ளை அஞ்சு ரூபா

அன்பின் குமார்,

கடிதமும் படமும் கிடைத்தது. ஹட்டனில் ஒரு கிழமையாக விடாத மழை, கடையில் ஆளே இல்லை, அதனால்தான் ஆறுதலாக உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை.

சரி, உன் வெள்ளை 5 ரூபாவுக்கு வருவோம். மஞ்சளாக இருக்க வேண்டிய காசு வெள்ளையாக இருக்கிறதே, காசு அடிக்கும் ஆலையில் பிழையாக வந்த அரிய காசா என்று கேட்டிருந்தாய். 2017 அல்லது அதற்குப் பிறகு அடித்தது என்றால் பேச்சே இல்லை, அது துருப்பிடிக்காத உருக்கு, வெள்ளையாகத்தான் இருக்கும். நீயோ 2011 என்கிறாய். அந்தக் காலத்துக் காசுக்கு உள்ளே உருக்கு, மேலே பித்தளைப் பூச்சு மட்டும்தான். யாராவது அமிலத்தில் ஊறப்போட்டால் பூச்சு கழன்று உள்வெள்ளை வெளியே வந்துவிடும். எழுத்துகளின் இடுக்கில் மஞ்சள் ஒட்டியிருக்கிறதா, எழுத்துகள் தேய்ந்த சவர்க்காரக் கட்டி மாதிரி மழுங்கியிருக்கின்றனவா என்று வெயிலில் சாய்த்துப் பார். 1984இல் வந்த தடித்த 5 ரூபாவோடு குழப்பிக்கொள்ளாதே, அதில் காந்தம் ஒட்டாது, உன்னுடையதில் ஒட்டும்.

போன மாதம் என் கல்லாவிலும் ஒன்று வந்தது, முகத்தில் குறுக்கே ஒரு கோடு. காசு அடிக்கும் அச்சு வெடித்து வந்த பிழைக் காசோ என்று எனக்கும் கொஞ்சம் ஆசைதான். நகத்தால் தடவினால் பள்ளம், இரண்டு கரையிலும் உலோகம் ஒதுங்கி வரப்பு மாதிரி நிற்கிறது. வெறும் கீறல்! அச்சில் வெடிப்பு இருந்தால் உலோகம் அதற்குள் புகுந்து காசில் கோடு மேடாக எழும்பியிருக்கும். ஓரத்தில் பிறை மாதிரி கடிபட்ட காசு வந்தால் அதற்கு நேரெதிர் விளிம்பைப் பார், அங்கேயும் விளிம்பு மங்கலாக இருந்தால் ஆலையிலேயே நேர்ந்த பிழையாக இருக்க நல்ல வாய்ப்பு. அரத்தால் ராவியது என்றால் எதிர்ப்பக்கம் முழுசாக இருக்கும்.

ரொசல்லயில் கோச்சி வரும்போது தண்டவாளத்தில் காசு வைத்து நசுக்கினோமே, ஞாபகமா மச்சான்? அப்படியே ஒன்றைக் கொண்டுவந்து ஒருவர் என்னிடம் 3,000 ரூபா கேட்டார். இழுபட்ட எழுத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நகைக் கடைத் தராசில் உன் காசைப் போட்டுப் பார், 7.7 கிராம் அளவில் இருக்க வேண்டும். நன்றாகக் குறைந்தால் அமிலம் தின்றதுதான், பேசாமல் பஸ்ஸுக்குக் கொடுத்துவிடு. குறையாவிட்டால் தேய்க்காமல், கழுவாமல் அப்படியே கடதாசியில் சுற்றிப் பொங்கலுக்குக் கொண்டு வா.

உன்,
ரவி