கடற்பஞ்சிலிருந்து மருந்து: செய்தியில் விடுபட்டவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடற்பஞ்சில் புற்றுநோய் மருந்து கிடைத்துவிட்டதாகத் தங்கள் நாளிதழில் வந்த செய்தியை ஆவலுடன் படித்தேன். அதில் இரண்டு இடங்களில் கடற்பஞ்சைக் கடற்பாசி என்று குறிப்பிட்டிருந்தது வருத்தம் தந்தது. கடற்பாசி என்பது இராமநாதபுரம் கரையோரப் பெண்கள் கடலில் மூழ்கிப் பறித்து வருவது. கடற்பஞ்சோ துளையுடலிகள் என்று பள்ளியில் படித்தோமே, அந்தத் தொகுதியைச் சேர்ந்த விலங்கு.

இது வெறும் சொற்பிழை அன்று. எந்த உயிரிலிருந்து எடுத்தோம் என்பதைத் துல்லியமாகக் குறித்துவைப்பதில்தான் ஒரு சேர்மத்தை அடையாளம் காணும் வேலையே தொடங்குகிறது. அதிலும் ஏமாற இடமுண்டு. ஜப்பானின் ஹாலிகாண்ட்ரியா ஒகடாய் என்னும் கடற்பஞ்சின் பெயரையே தாங்கிய ஒகடாயிக் அமிலத்தை உண்மையில் உண்டாக்குபவை நுண்பாசிகள் என்பது பின்னர்தான் தெரியவந்தது.

அதே கடற்பஞ்சிலிருந்து ஜப்பானிய வேதியியலாளர்கள் ஹிராட்டாவும் உவெமுராவும் பிரித்தெடுத்து 1986இல் அறிவித்த ஹாலிகாண்ட்ரின் பி என்ற சேர்மத்தின் வரலாற்றைத் தங்கள் வாசகர்கள் அறிய வேண்டும். 600 கிலோ கடற்பஞ்சிலிருந்து அவர்களுக்குக் கிடைத்தது 12.5 மில்லிகிராம். கரைப்பானில் ஊறவைத்து இறக்கிய சாற்றை வண்ணப்பிரிகை முறையில் மீண்டும் மீண்டும் பிரித்து, ஒவ்வொரு பகுதியும் புற்றுச் செல்களை அழிக்கிறதா என்று பார்த்து, எஞ்சிய அந்தத் துளியை வைத்துக்கொண்டு எந்தக் கார்பனுக்கு அருகில் எந்த ஹைட்ரஜன் இருக்கிறது என்று அணுக்கருக் காந்த ஒத்திசைவு நிறமாலையில் படித்தறிவது எத்தகைய பொறுமையைக் கோரும் உழைப்பு என்பதை, ஆய்வகத்தில் பல ஆண்டுகள் கழித்தவன் என்ற முறையில் நான் அறிவேன்.

அந்த மூலக்கூறை 1992இல் வேதியியலாளர் கிஷியின் குழுவினர் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வகத்தில் செயற்கையாக முழுமையாகத் தொகுத்து உருவாக்கினர். அதன் ஒரு பாதியை எளிமைப்படுத்தி உருவாக்கிய எரிபுலின், முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கான மருந்தாக அமெரிக்காவில் 2010இல்தான் ஒப்புதல் பெற்றது. அடையாளம் கண்டதற்கும் மருந்தானதற்கும் இடையே 24 ஆண்டுகள். கடற்பஞ்சு வழிவந்த முதல் மருந்தும் இதுவன்று; ஃபுளோரிடாக் கடற்பஞ்சில் வேதியியலாளர் பெர்க்மன் கண்ட நியூக்ளியோசைடுகள் (மரபுப்பொருளின் கட்டுமானக் கூறுகளை ஒத்த சேர்மங்கள்) வழிகாட்ட உருவான சைட்டரபின், இரத்தப் புற்றுநோய்க்கு 1969இலேயே ஒப்புதல் பெற்றுவிட்டது.

என் தமக்கை நோயுற்றிருந்தபோது இத்தகைய செய்தி ஒன்றைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் சென்றோம். அது சோதனைக்கூடத்துத் தட்டில் வளர்த்த செல்களில் நடந்த ஆய்வு என்று அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஆகவே இனி இத்தகைய செய்திகளை வெளியிடும்போது, அது எந்த இனக் கடற்பஞ்சு, சேர்மம் புதியதா முன்பே அறியப்பட்டதா, சோதனை நடந்தது செல்களிலா விலங்குகளிலா மனிதர்களிலா என்னும் விவரங்களைத் தவறாமல் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர்,
தூத்துக்குடி