கெப் வண்டியின் தாழ்ந்த முன்பக்கம்: போல்ட்டை முறுக்குமுன்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பேலியகொடை மெனிங் சந்தை வாசலில் விடியற்காலை பத்து நிமிடம் நின்றால் போதும், மூக்கைத் தரையில் குத்தியபடி வரும் டீசல் கெப் வண்டிகள் வரிசையாகக் கண்ணில் படும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் பாவனை வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. திறந்த பிறகும் விலை எட்டாத உயரத்தில் இருப்பதால் இருபது வயது வண்டிகளே இன்னும் மரக்கறி சுமக்கின்றன. அவற்றின் முன்பக்கம் தாழ்வதில் வியப்பில்லை. அதற்குப் பல கராஜ்களில் கிடைக்கும் ஒரே வைத்தியம்தான் எரிச்சலூட்டுகிறது: "டோர்ஷன் பாரை நாலு சுற்று முறுக்கிவிட்டால் சரி." அரை மணி நேர வேலை, வண்டியும் நிமிர்ந்து நிற்கும். பிறகு முன் டயர்கள் ஒரு ஓரமாக மொட்டையாகும்போது டயர் கொம்பனிக்குத்தான் திட்டு விழும்.

எந்த வண்டியில் என்ன இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 2012க்கு முந்திய டி-மெக்ஸ், பழைய போர் வீல் எல் 200, நிசான் டி 22, 2011க்கு முந்திய ரேஞ்சர் ஆகியவற்றின் முன்பக்கத்தைத் தாங்குவது டோர்ஷன் பார். செஸியை ஒட்டி நீளவாக்கில் ஓடும் உருக்குத் தண்டு அது. ஒரு முனை சக்கரத்தைத் தாங்கும் கையான ஆமில் (arm), மறு முனை குறுக்குச் சட்டத்தில் உள்ள நங்கூரப் பிடியில். அந்தப் பிடியைத் திருப்பிவைப்பதுதான் நங்கூரப் போல்ட். 2004இல் அறிமுகமான ஹைலக்ஸ் விகோவிலும் அதற்குப் பின் வந்த பெரும்பாலானவற்றிலும் சுருள் ஸ்பிரிங். இவற்றில் முறுக்குவதற்கு போல்ட்டே இல்லை.

நங்கூரப் போல்ட்டை முறுக்கினால் டோர்ஷன் பார் பலமாகிவிடும் என்று நினைப்பது தவறு. தண்டின் விறைப்பு அதன் தடிப்பாலும் நீளத்தாலும் வருவது. போல்ட் செய்வதெல்லாம் தண்டின் வால் முனையைக் கொஞ்சம் திருப்பிவைப்பது. ஆம் கீழ்நோக்கிச் சரியும், உடல் மேலே போகும். சக்கரம் கீழே தொங்குவதற்கென்று இருந்த இடைவெளி அந்த அளவுக்குக் குறையும். வேகத்தடையைக் கடந்து இறங்கும்போது "டக்" என்று ஒரு சத்தம் கேட்டால், ஆம் தன் தடுப்பு றப்பரில் மோதுகிறது என்று அர்த்தம். போர் வீல் வண்டியில் முன் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் மூட்டான சி.வி. ஜொயின்ட் எப்போதும் கூடுதல் கோணத்தில் சுழலும். றப்பர் உறை கிழியும், கிறீஸ் வெளியேறும், அதன் பிறகு ஜொயின்ட்டே போகும்.

ஆகவே ஸ்பானருக்கு முன் அளவுநாடா. சமதரையில், சுமை இல்லாமல், இரு முன் டயர்களிலும் ஒரே காற்றழுத்தம் வைத்து, வண்டியை மூன்று நான்கு மீற்றர் முன்னும் பின்னும் உருட்டி, முன் பம்பரை இரண்டு முறை அழுத்திவிட்டு நிறுத்துங்கள். சக்கரத்தின் நடுமையத்திலிருந்து நேர் மேலே மட்காட் விளிம்பு வரை அளவெடுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரின் தேய்மானமும் கணக்கில் கலந்துவிடும். நான்கு சக்கரத்துக்கும் குறித்துவையுங்கள். இடம் வலம் 10 மி.மீ. வரை வித்தியாசம் இருந்தால் பதற வேண்டாம். அதற்கு மேல் என்றால் காரணம் தேட வேண்டும்.

அந்தக் காரணம் முன்பக்கத்தில் இல்லாமலும் இருக்கலாம். பின் பட்டை ஸ்பிரிங்கில் இடது பக்கம் தளர்ந்தால் வலது முன்மூலை உயர்ந்து, இடது முன்பக்கம் தாழ்ந்ததுபோல் தெரியும். இதைப் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. முன் சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, பின் செஸிக் குறுக்குச் சட்டத்தின் சரி நடுவில் ஜக் வைத்து, பின் டயர்கள் தரையை விட்டு எழும் வரை மட்டும் தூக்குங்கள். யாரும் கீழே போகக் கூடாது. இப்போது பின்பக்கம் ஒரே புள்ளியில் நிற்பதால் முன்பக்கத்தை எந்தப் பக்கமும் சாய்க்க அதனால் முடியாது. முன் அளவு இரண்டும் சமமாகிவிட்டால் குற்றவாளி பின் ஸ்பிரிங்தான். இந்தச் சோதனைக்குச் செலவு இல்லை. செய்கிற கராஜ்தான் அபூர்வம்.

சொக் அப்சோபரை மாற்றினால் வண்டி உயரும் என்று சொல்லி விற்பதும் உண்டு. சொக் எடையைத் தாங்குவதில்லை, ஆட்டத்தை அடக்குவது மட்டுமே அதன் வேலை. காஸ் நிரப்பிய சொக் கொஞ்சம் தள்ளும், ஆனால் அந்தத் தள்ளல் தளர்ந்த ஸ்பிரிங்கை ஈடுகட்டாது. குழியில் "டொம்" என்று அடிக்கிறது என்பதற்காகச் சொக்கைக் குறைசொல்லுமுன் பம்ப் ஸ்டொப் றப்பரை, அதாவது ஆம் மேலே எழும்பும்போது தடுக்கும் றப்பரைப் பாருங்கள். வெற்று வண்டியிலேயே ஆம் அதன்மேல் உட்கார்ந்திருந்தால் உங்கள் ஸ்பிரிங் வேலை செய்வதே இல்லை, றப்பர்தான் ஸ்பிரிங்.

எடையையும் கணக்கில் எடுக்க வேண்டும். வார்ப்பிரும்பு டீசல் எஞ்சின் ஏற்கனவே மூக்கில் கனம். அதற்கு முன்னால் அழகுக்காக ஓர் இரும்புப் புல் பார். 50 கிலோ பார், முன் அச்சுக்கு 80 செ.மீ. முன்னால் தொங்கினால், அச்சுகளுக்கிடையே 3 மீற்றர் உள்ள வண்டியில் முன் அச்சில் ஏறுவது 50 அல்ல, ஏறத்தாழ 63 கிலோ. மிச்ச 13 கிலோ பின் அச்சிலிருந்து கழிகிறது, தராசு போல. அந்தப் பாரைக் கழற்றி மீண்டும் அளந்து பார்த்தால் பல நேரம் வேறு வேலையே தேவைப்படாது.

இத்தனைக்கும் பிறகு டோர்ஷன் பாரைத் தொடுவதென்றால் முறை இருக்கிறது. இரு பக்க நங்கூரப் போல்ட்டிலும் எத்தனை மி.மீ. மரை வெளியே தெரிகிறது என்று முதலில் எழுதிவையுங்கள். தவறினால் பழைய நிலைக்குத் திரும்ப அதுதான் வழி. மரையைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து கிறீஸ் பூசுங்கள். செஸியை ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரங்கள் தொங்கும்போது மட்டுமே திருப்புங்கள். சுமை ஏறிய நிலையில் திருப்பினால் மரை உரியும். ஒரு முறைக்கு இரண்டு சுற்றுக்கு மேல் வேண்டாம். இறக்கி, உருட்டி, அழுத்தி, மீண்டும் அளக்க வேண்டும், ஏனென்றால் ஜக்கிலிருந்து இறங்கிய உடனே டயர் தரையைப் பிடித்துக்கொண்டு உயரத்தைப் பொய்யாகக் காட்டும். இலக்கு வண்டியின் கைநூலில் உள்ள உயரம், கண்ணுக்கு அழகான உயரமல்ல. மரை முடிந்தும் உயரம் வரவில்லையென்றால் தண்டு நிரந்தரமாகத் தளர்ந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். கழற்றுமுன் தண்டிலும் பிடியிலும் ஆமிலும் ஒரே நேரில் பெயின்ட் கோடு போடுங்கள். இடது தண்டை வலதில் போடக் கூடாது. ஒரு திசை முறுக்குக்கென்றே பதப்படுத்தப்பட்டது, மாற்றிப் போட்டால் முறியும். தண்டில் உளிக்கீறல் கூடாது, வெல்டிங் பொறி படவே கூடாது. சிறு கீறல்தான் வெடிப்பின் தொடக்கம்.

சுருள் ஸ்பிரிங்கில் வேறு ஆபத்து. ஒரு பக்கம் திடீரென்று தாழ்ந்தால், அடிச் சுற்று முறிந்து தட்டுக்குள் ஒளிந்திருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். காலி வீதியை ஒட்டிய கடற்காற்றில் அந்த இடம்தான் முதலில் துருப்பிடிக்கும். சொக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த கூட்டைக் கழற்ற மேல் தட்டின் ஓர நட்களை மட்டும் திறவுங்கள். நடு நட்டை வண்டியில் வைத்துத் திறந்தால் ஸ்பிரிங் பீரங்கிக் குண்டுபோல் வெளியேறும். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்பிரசரின் இரு கொக்கிகளும் எதிரெதிராக, ஸ்பிரிங் இரு தட்டிலும் தளர்ந்து சுழலும் வரை சம அளவில் இறுக்கிய பிறகே நடு நட்டு. மேலே 25 மி.மீ. ஸ்பேசர் போட்டு உயர்த்துகிறவர்களுக்கு ஒரு கணக்கு: ஸ்பிரிங் ஆமின் நடுப்பகுதியில் உட்காருவதால் சக்கரத்தில் ஏறுவது 40 முதல் 50 மி.மீ. வரை. சுற்றுகளுக்கிடையே றப்பர் துண்டு செருகுவது இன்னும் மோசம். வேலை செய்யும் சுற்றுகள் குறைவதால் அதே குழியில் மீதிச் சுற்றுகள் கூடுதலாக முறுகி, விரைவில் முறிகின்றன.

பஞ்சிகாவத்தையில் பாவித்த ஸ்பிரிங் வாங்குவோர் கம்பியின் தடிப்பை அளக்கும் வேர்னியரோடு போகட்டும். பெற்றோல் மாதிரியின் ஸ்பிரிங் பார்வைக்கு அதேதான், கம்பி மட்டும் சற்று மெலிது. விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறி இறங்குவதால், 14 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 13.5 இருந்தால் ஸ்பிரிங் ஏறத்தாழ 14 சதவீதம் மென்மை. இரண்டையும் மேசையில் நிறுத்தி உயரத்தையும் ஒப்பிடுங்கள். ஆனால் சில மாதிரிகளில் சாரதி பக்கத்து ஸ்பிரிங் வேண்டுமென்றே வேறாகச் செய்யப்பட்டிருக்கும், பெயின்ட் புள்ளி அதைச் சொல்லும். சோடியாகவே மாற்ற வேண்டும்.

ஆம் புஷ் (ஆம் செஸியோடு சேரும் இடத்திலுள்ள றப்பர்) மாற்றியதும் பெரும்பாலானோர் செய்யும் பிழை ஒன்று: சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை முழுதாக இறுக்கிவிடுவது. புஷ்ஷின் றப்பர் அந்தக் கோணத்திலேயே பிடித்துக்கொள்கிறது. வண்டி தரையில் இறங்கியதும் அது நிரந்தரமாக முறுகி நின்று, உயரத்தையும் பொய்யாக்கி, சில மாதங்களில் கிழிகிறது. விரல் இறுக்கத்தில் விட்டு, வண்டியைச் சக்கரத்தில் நிறுத்தி, உருட்டி, பிறகு டோர்க் ரென்ச்சால் அளவோடு இறுக்குங்கள்.

கடைசியாக எலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சீராக்குவது. முன்பக்கம் தாழ்ந்தால் சக்கரத்தின் மேற்பகுதி உள்ளே சாய்ந்து டயரின் உள் ஓரம் தேயும், மிகையாக உயர்ந்தால் வெளி ஓரம். ஆகவே உயரத்தை மாற்றிய எந்த வேலைக்கும் பிறகு எலைன்மென்ட் கட்டாயம். சக்கரப் பகுதியை ஆமோடு இணைக்கும் போல் ஜொயின்ட்டில் ஆட்டம் இருக்கும்போது அதைச் செய்வது காசைக் கடலில் போடுவது. முன்னும் பின்னும் எடுத்த அளவுகள் இரண்டும் உள்ள அச்சுப்பிரதியைக் கேட்டு வாங்குங்கள். "சரி செய்தாச்சு" என்ற வாய்ச்சொல் போதாது. வருடாந்தப் புகைப் பரிசோதனையில் இவை எதுவும் பார்க்கப்படுவதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 500 கிலோமீற்றர் ஓடியபின் புதிய ஸ்பிரிங்கோ தண்டோ சிறிது படியும், அப்போது மறுபடியும் மட்காட் அளவு. முன்பக்கம் உயர்ந்ததோடு விளக்குகளும் உயர்ந்திருக்கும். சுவரில் ஒளியடித்துத் தாழ்த்திவிடுங்கள், இரவில் புத்தளம் வீதியில் எதிரே வருகிறவருக்கும் கண் தெரிய வேண்டுமே.

இப்படிக்கு,
வாசகர்,
கிராண்ட்பாஸ், கொழும்பு 14