திருச்சி சைக்கிள் பயணம்: கூடாரம் இல்லை, லாட்ஜ்தான்

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஜூலை 17 வெள்ளி காலை 5 மணிக்குக் கோவை சிங்காநல்லூரில் கிளம்புகிறோம். கூடாரம், பாய், அடுப்பு எதுவும் வேண்டாம். போன தடவை அதைச் சுமந்தே முதுகு போச்சு.

1. வெள்ளி: பல்லடம் வழியாகக் காங்கேயம், சுமார் 60 கி.மீ. இரவு லாட்ஜ்.
2. சனி: வெள்ளகோவில், கரூர். இதுவும் ஏறக்குறைய அவ்வளவுதான். இரவு லாட்ஜ்.
3. ஞாயிறு: குளித்தலை வழியாகத் திருச்சி, சுமார் 80. ராத்திரி ரயிலில் ஊர் திரும்பலாம்.

ஏன் ஜூலை என்று சிலர் கேட்டீர்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அப்போது மேற்கிலிருந்து அடிக்கும், நம்மை முதுகில் தள்ளிவிடும். தை மாதம் போனால் அதே ரோட்டில் எதிர்காற்று. ஆடிப்பெருக்கு வாரம் வேண்டாம். காவிரிக்கரை ஊர்களில் ரூம் கிடைப்பது கஷ்டம்.

4. ஆதார் அசல் கட்டாயம்.
5. உபரி டியூப் இரண்டு, பம்பு, முன்பின் விளக்கு.
6. சைக்கிளை ரூமுக்குள் வைக்க விடுவார்களா என்று கேட்டுத்தான் பதிவு செய்வேன். பூட்டும் கொண்டு வாங்க.

ரூமுக்கு இரண்டு பேர். யாரோடு யார், குறட்டை உண்டா என்பதையும் சேர்த்து ஜூன் 30க்குள் இங்கேயே பதில் போடுங்க. கட்டைவிரல் மட்டும் காட்டினால் கணக்கில் வராது.